ஆறாம் வேற்றுமையில் ஒரு பெண்

உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டுவதற்கு ஓர் இலக்கணம் உண்டு. பெயர் இலத்தீன் சொல்லைப் போல நடக்க வேண்டும். ஒருவரைச் சிறப்பிக்க அவர் பெயரைச் சூட்டும்போது, அவர் ஆண் என்றால் பெயரின் இறுதியில் 'இ' சேரும். பெண் என்றால் 'ஏ' சேரும். இரண்டுமே 'உடைய' என்று பொருள்தரும் உருபுகள். நம் இலக்கணத்தில் அது ஆறாம் வேற்றுமை. பெயர் சூட்டியவரோ எழுவாய். உயிரினத்தின் பெயரை அடுத்து அவர் பெயரும் ஆண்டும் அச்சாகும்.

நான் கல்லூரியில் வேற்றுமை உருபுகளை நடத்துகிறவள்; புவியியல் படித்தவள் அல்லள். ஆனாலும் புதைபடிவங்களின் வரலாற்றைப் படிக்கும்போது என் கண் இந்த இரண்டு இடங்களில்தான் நிற்கிறது. யார் எழுவாய், யார் ஆறாம் வேற்றுமை? இந்தக் கேள்விக்கு அம்மோனாய்டுகள் என்னும் கடல் விலங்குகள் நல்ல உதாரணம்.

சாளக்கிராமத்தைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் உருவம் புதிதல்ல. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றங்கரையில் கிடைக்கும் அந்தக் கருங்கல்லில் சக்கரம்போலச் சுருண்டிருப்பது, ஜுராசிக் காலக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் ஓடு. பூசையறையில் இருந்தாலும் பெண்கள் அதைத் தொடக் கூடாது என்ற கட்டுப்பாடு பல வீடுகளில் இருந்தது, இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. அம்மோனைட்டுகளின் மூதாதைகள் அதற்கு வெகுகாலம் முன்பே, டெவோனியன் காலத்தில், ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிவிட்டன. இந்தப் பெருங்குடும்பம் முழுவதற்கும் அம்மோனாய்டு என்று பெயர். கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் இவை தூரத்து உறவு.

அம்மோனாய்டின் ஓடு அறை அறையாகக் கட்டப்பட்டது. விலங்கு வளர வளரப் பின்னால் ஒரு சுவர் எழுப்பி, முன்னால் உள்ள கடைசி அறைக்கு நகர்ந்துகொள்ளும். எல்லா அறைகளையும் ஊடுருவி ஒரு மெல்லிய குழல் செல்லும். ஓர் இனத்தை விவரிக்கிறவர் சுருள்கள் எத்தனை, எவ்வளவு இறுக்கம், நடுவிலுள்ள குழி எவ்வளவு அகலம், மேலே வரிகள் உண்டா என்றெல்லாம் அளந்து எழுதுவார். நடுக்குழிக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் தொப்புள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு கோடு. ஓடு உதிர்ந்து, உள்ளே இறுகிய சேறு மட்டும் கல்லாக மிஞ்சும்போது, ஒவ்வொரு உட்சுவரும் வெளிச்சுவரைத் தொட்ட இடம் அதன்மேல் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் இலத்தீன் பெயருக்குத் தையல் என்று பொருள். தமிழில் தையல் என்றால் பெண் என்றும் பொருள் உண்டு; இலத்தீனுக்கு அது தெரியாது, எனக்கு மறக்க முடியவில்லை. டெவோனியன் இனங்களில் இந்தத் தையல்கோடு சில எளிய வளைவுகளோடு நின்றுவிடும். ஜுராசிக் இனங்களில் பூவேலைபோல நுணுக்கமாகக் கிளைக்கும். அந்த வளைவுகளைக் கொண்டே இனம் பிரிக்கிறார்கள்.

பவேரியாவின் ஃபிக்டெல் மலைப்பகுதியில் கிடைத்த இத்தகைய ஓடுகளை மூன்ஸ்டர் பிரபு 1832இல் விவரித்தார். பெரும்பாலான அம்மோனாய்டுகளில் அறைகளை ஊடுருவும் குழல் சுருளின் வெளி ஓரமாகச் செல்லும். அவர் கண்ட ஒரு கூட்டத்தில் அது உள் ஓரமாகச் சென்றது. 1834இல் அதற்குக் கிளைமீனியா என்று பெயரிட்டார். கிரேக்கப் புராணத்தின் கடல்மகள் கிளைமெனியை நினைவூட்டும் பெயர். புராணப் பெண்களுக்கு அறிவியலில் எப்போதும் இடம் கிடைத்திருக்கிறது.

வகைப்படுத்துகிறவர்கள் பால் வேறுபாட்டைக் கவனிக்கத் தவறியதும் உண்டு. ஒரே பாறையில் பெரிய ஓடும் சிறிய ஓடும் சேர்ந்து கிடைக்கும். இளமையில் இரண்டின் சுருளும் ஒன்றுபோல இருக்கும். முதிர்ச்சியில்தான் அளவு பிரியும். நெடுங்காலம் இவற்றை வேறுவேறு இனங்கள் என்று எழுதினார்கள். இவை ஒரே இனத்தின் பெண்ணும் ஆணும் என்று போலந்து ஆய்வாளர் ஹென்ரிக் மகோவ்ஸ்கி 1962இல் விரிவாக வாதிட்டார். 1991இல் டெவோனியன் கால டோர்னோசெராஸ் ஓடுகளைக் கொண்டும் இதைப் பேசினார். பெரிய ஓட்டையே பெண் என்று கருதுகிறார்கள், முட்டைகளைத் தாங்க வேண்டியது அதுதானே. சிறியது ஆணாக இருக்கலாம் என்ற எண்ணம் நிலைபெற இத்தனை காலம் ஆனது.

இனி டெவோனியன் என்ற பெயருக்கு வருவோம். இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பாறைகள் சிலூரியனுக்கும் கார்போனிஃபெரஸுக்கும் இடைப்பட்டவை என்று வில்லியம் லான்ஸ்டேல் 1837இல் பவழங்களைப் பார்த்துச் சொன்னார். 1839இல் ஆடம் செட்ஜ்விக்கும் ராடரிக் மர்ச்சிசனும் அந்தக் காலத்துக்குப் பெயர் சூட்டினார்கள். ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகள் கொண்ட ஒரு யுகத்துக்கு எழுவாயாக நிற்பது பெரிய பெருமை. சிலூரியனுக்கும் பெர்மியனுக்கும் பெயர் வைத்தவரும் இதே மர்ச்சிசன்தான்.

அவரைப் புவியியலுக்குக் கொண்டுவந்ததில் மனைவி சார்லட் ஹ்யூகோனினுக்குப் பெரும் பங்கு உண்டு. 1815இல் திருமணம் நடந்தபோது ராடரிக் ஒரு படைவீரர். படையைவிட்டு வந்தபின் நரி வேட்டையில் பொழுதைக் கழித்தார். சார்லட்டோ இயற்கையை ஆராய்வதிலும் ஓவியம் தீட்டுவதிலும் ஈடுபாடு உள்ளவர். 1825இல் இருவரும் இங்கிலாந்தின் தென்கடற்கரை நெடுகப் பயணம் செய்தார்கள். கணவர் மேலே செல்ல, சார்லட் லைம் ரீஜிஸ் ஊரில் சில வாரம் தங்கி, மேரி ஆனிங்கிடம் புதைபடிவம் தேடும் தொழிலைக் கற்றார். பிறகு வந்த பயணங்களிலும் அவர் படிவங்களைச் சேகரித்தார், பாறைகளை வரைந்தார். மலேரியாவில் விழுந்த உடம்போடுதான் இத்தனையும் செய்தார்.

1832இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சார்லஸ் லயல் புவியியல் சொற்பொழிவு நடத்தியபோது, பெண்களை அனுமதிக்கத் தயங்கினார். சார்லட் விடவில்லை. கதவு திறந்தது. அடுத்த ஆண்டே கல்லூரி நிர்வாகம் பெண்கள் வரக் கூடாது என்று தடுத்தது. லண்டன் புவியியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919இல்தான். சார்லட் 1869இல் இறந்தார்.

அவர் பெயரில் ஒரு ஜுராசிக் அம்மோனைட் இருக்கிறது. 1827இல் ஜேம்ஸ் டி கார்ல் சவர்பி அவரைச் சிறப்பித்து அதற்கு 'அம்மோனைட்டிஸ் மர்ச்சிசனே' என்று பெயரிட்டார். இன்று அது லுட்விகியா என்னும் பேரினத்துக்கு மாறிவிட்டது. பேரினம் மாறியதால் சவர்பியின் பெயர் இப்போது அடைப்புக்குறிக்குள் நிற்கிறது, ஆனால் அழியவில்லை. அந்த அம்மோனைட் கிடைக்கும் பாறையடுக்கையும் மர்ச்சிசனே அடுக்கு என்றே அழைக்கிறார்கள். பூமியின் காலக்கணக்கில் ஒரு பெண் பெயர் இடம்பெற்றது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மர்ச்சிசன் என்பது கணவர் பெயர். ஹ்யூகோனின் எங்கும் இல்லை. இறுதியில் ஒலிக்கும் 'ஏ' மட்டும்தான் சார்லட்டுடையது.

சார்லட்டுக்குத் தொழில் கற்பித்த ஆனிங் ஒரு தச்சரின் மகள். பாறையை உடைத்து, படிவத்தை வெளியே எடுத்து, விற்று வயிறு வளர்த்தவர். வாங்கியவர்களும் அவர்களுடைய நண்பர்களும் எழுவாய் ஆனார்கள். அவர் பெயரை மீன் படிவங்களுக்குச் சூட்டியவர் சுவிஸ் நாட்டு ஆய்வாளர் லூயி அகாசி. சார்லட்டிடம் பயணம் செய்யப் பணமாவது இருந்தது. ஆனிங்கிடம் அதுவும் இல்லை.

எழுவாய் இடத்துக்கு வந்த பெண் ஒருவரும் அக்காலத்தில் இருந்தார். வில்ட்ஷயரைச் சேர்ந்த எதெல்ட்ரெட் பெனட், தன் பகுதிப் படிவங்களின் பட்டியலை 1831இல் வெளியிட்டு, புதிய இனங்களுக்குத் தாமே பெயரும் சூட்டினார். 1836இல் மாஸ்கோ இயற்கை ஆய்வுக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. சான்றிதழில் அவர் பெயர் ஆண்பால் ஈற்றோடு எழுதப்பட்டிருந்தது. இவ்வளவு செய்தவர் ஆணாகத்தான் இருப்பார் என்று நினைத்துவிட்டார்கள். 1845இல் அவர் இறந்தபின் அவருடைய சேகரிப்பு கடல் கடந்து அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனது. தொலைந்துவிட்டதாகவே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1989இல் ஆய்வாளர்கள் மூவர் அதை மீண்டும் அடையாளம் கண்டு எழுதிய பிறகுதான், அவர் சூட்டிய பெயர்களும் வெளிச்சத்துக்கு வந்தன.

பெயரிடும் விதியில் இன்னொரு பிரிவும் உண்டு. பல பெண்களைச் சேர்த்துச் சிறப்பித்தால் 'ஆரும்' என்ற ஈறு. அந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆண் இருந்தாலும் 'ஓரும்' என்று ஆண்பாலாகிவிடும். இன்றும் இதுதான் விதி. தமிழில் பலர்பாலுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'வந்தார்கள்' என்றால் யாரும் வந்திருக்கலாம். அதற்காகத் தமிழ்ச் சமூகம் மேலானது என்று நான் சொல்ல மாட்டேன். சாளக்கிராமத்தைத் தொட விடாத வீடுகளில் பேசியதும் இதே தமிழைத்தான்.

அருங்காட்சியகத்தில் ஒரு படிவத்தின் முன் நிற்கும் மாணவிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பேரினம், சிற்றினம், சூட்டியவர், ஆண்டு என்று அட்டையைப் பதம் பிரித்துப் படி. பிறகு அட்டையில் எழுதப்படாத வினைகளைக் கேள்: கல்லை உடைத்தது யார், வரைந்தது யார், கழுவி வைத்தது யார்? ஒவ்வொரு வினைக்கும் ஓர் எழுவாய் இருந்தே தீர வேண்டும். இலக்கணம் படித்த நமக்கு அது தெரியும்.