ஐந்து ராக் ஆல்பங்கள்: பழைய வரிசையும் புது வரிசையும்

மஞ்சளை வெட்டி, வேக வெச்சு, களத்துல காயப் போட்டாச்சு. அடுத்த வேலைக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அதனால இந்த வாரம் விலை, மழை, உரம் எதுவும் இல்லைங்க. ராக், மெட்டல் இசையைப் பத்தி எழுதப் போறேன். கோவணாண்டிக்கு எதுக்கு கிடாருன்னு சில பேர் சிரிப்பீங்க. சிரிச்சுட்டு மேல படிங்க. இதுலயும் கூலி, வெள்ளம், கதிரடிக்கிற மெஷின் எல்லாம் வரும்.

1990-களில் காலேஜ் விடுதியில் இருந்தபோது, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரிசை எழுதி வெச்சிருந்தேன். முதலிடம் மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. இரண்டாவது ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்'. மூன்றாவது அயர்ன் மெய்டனின் 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்'. நான்காவது பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம். ஐந்தாவது லெட் செப்பலினின் நாலாவது ஆல்பம். அப்போ அளவுகோல் ரெண்டே ரெண்டுதான்: வேகம், சத்தம்.

ராத்திரி மூணு ஃபேஸ் கரண்ட் வந்து மோட்டார் ஓடும்போது, மடை மாத்திவிட்டு வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இந்த அஞ்சையும் மறுபடி முழுசாகக் கேட்டேன். கூடவே ஒவ்வொண்ணின் கதையையும் தேடிப் படிச்சேன். இந்த வயசுல எனக்கு வேற ஒரு கேள்வி முன்னால வந்து நிக்குது. இந்தச் சத்தத்துக்குப் பின்னால யார் உழைப்பு இருக்கு? அந்த உழைப்புக்குப் பேர் கிடைச்சுதா? விளைவிச்சவன் பேர் இல்லாமலே சரக்கு ஊர் ஊராப் போறதை தினமும் பார்க்கிறவனுக்கு இது சின்னக் கேள்வி இல்லைங்க. அதை வெச்சு அடுக்கினால் வரிசை இப்படி மாறுது. கீழிருந்து மேலே வர்றேன்.

5. அயர்ன் மெய்டன்: த நம்பர் ஆஃப் த பீஸ்ட் (1982)

1982 மார்ச்சில் வந்த இந்த ஆல்பம்தான் அவங்களுக்கு பிரிட்டனில் முதன்முதலாக முதலிடம் வாங்கிக் கொடுத்தது. பாடகர் புரூஸ் டிக்கின்சனுக்கு இதுதான் இந்தக் குழுவில் முதல் ஆல்பம். பழைய குழுவான சாம்சனோடு இருந்த ஒப்பந்தச் சிக்கலால், சில பாடல்களில் அவர் பங்கு இருந்தும் எழுதியவர் பட்டியலில் அவர் பெயர் வரலை.

டிரம்ஸ் வாசிச்ச கிளைவ் பர் இந்த ஆல்பத்தோடு குழுவை விட்டுப் போயிட்டார். பின்னாளில் அவருக்கு நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய் வந்தப்போ, பழைய கூட்டாளிகளே அவருக்காக நிதிக் கச்சேரிகள் நடத்தினாங்க. 2013-ல் இறந்தார். 'ரன் டு த ஹில்ஸ்' பாட்டு, வெள்ளைக்காரக் குடியேறிகள் அமெரிக்கப் பழங்குடிகளின் நிலத்தைப் பறித்த கதையை ரெண்டு தரப்பு வாய் வழியாகவும் சொல்லுது. அந்தக் குதிரைப் பாய்ச்சல் தாளம் இப்பவும் ரத்தத்தைச் சூடாக்குது. ஆனாலும் ஆல்பம் முழுசும் அதே உயரத்தில் நிக்கலை. அதனால ஐந்தாவது இடம்.

4. ஏசி/டிசி: பேக் இன் பிளாக் (1980)

1980 பிப்ரவரி 19-ல் பாடகர் பான் ஸ்காட் லண்டனில் இறந்து போனார். வயசு 33. குழு கலைஞ்சு போகும்னு எல்லாரும் நினைச்சப்போ, பிரையன் ஜான்சன் என்ற நியூகாசில்காரரைச் சேர்த்து, பஹாமாஸ் தீவுகளில் இருக்கும் நசாவுக்குப் போய் ரெக்கார்டிங்கை முடிச்சு, அஞ்சு மாசத்துல ஆல்பத்தை வெளியிட்டாங்க. அட்டை முழுக்கக் கறுப்பு. அது துக்கத்துக்காக. உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒண்ணா அது ஆச்சு.

முதல் பாட்டு ஒரு மணியோசையோடு தொடங்கும். அதுக்காக இங்கிலாந்தின் லஃப்பரோ ஊரில், பரம்பரையா மணி வார்க்கும் பட்டறையில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான எடையில் ஒரு மணி செய்யச் சொன்னாங்க. அதுக்கு முன்னால அதே ஊரின் நினைவுக் கோபுரத்தில் தொங்கும் பெரிய மணியைப் பதிவு செய்யப் பார்த்தாங்களாம். மணி அடிக்கிறப்பவெல்லாம் புறாக்கள் படபடன்னு பறந்து பதிவைக் கெடுத்துடுச்சு. கடைசியில் பட்டறையிலேயே, தங்களுக்காக வார்த்த மணியைத் தட்டிப் பதிவு செஞ்சாங்க. மணி அடிச்ச பிறகு அந்த உலோகம் எவ்வளவு நேரம் முனகுதுன்னு கவனிச்சுக் கேளுங்க. பாட்டை நான் மறுபடி மறுபடி போடுறது அந்த ஓசைக்காகத்தான். மத்தபடி சுருதியும் தாளமும் சுத்தம், மணி மணியான வேலை. ரெண்டாவது பக்கத்தில் கொஞ்சம் ஒரே மாதிரி போகுது.

3. மெட்டாலிக்கா: மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் (1986)

டென்மார்க்கின் கோபன்ஹேகனில், ஃபிளெமிங் ராஸ்முசன் என்ற ஒலிப்பதிவாளரோடு மாசக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியது. எட்டே பாட்டு, கிட்டத்தட்ட 55 நிமிஷம். 1986 மார்ச் 3-ல் வெளியானது. வானொலி பெருசா கண்டுக்காமலே, வாய் வழியாவும் கச்சேரி வழியாவும் பரவுச்சு. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட முதல் மெட்டல் ஆல்பமும் இதுதான்.

விடுதியில் இதை வேகத்துக்காகக் கேட்டோம். இப்போ எனக்கு அதில் பிடிச்சது 'ஒரையன்'. ஒரு சொல்கூட இல்லாத, எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும் வாத்திய இசை. நடுவில் எல்லாம் அடங்கி பேஸ் கிடார் மட்டும் மெதுவாக நடந்து வரும் பாருங்க, அது கிளிஃப் பர்ட்டனின் கை. அதே வருஷம் செப்டம்பர் 27-ல் ஸ்வீடனில் குழுவின் பஸ் கவிழ்ந்து அவர் செத்துப் போனார். 24 வயசு.

அவர் இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். 1988-ல் வந்த அடுத்த ஆல்பத்தில் அவர் வாசிச்ச பேஸ், கலவையில் கிட்டத்தட்ட காதில் விழாத அளவுக்குக் குறைக்கப்பட்டிருந்தது. முழு ஆல்பத்துக்கும் வாசிச்சவர் சத்தம் அதில் இல்லை. ரசிகர்கள் இன்னைக்கும் அதைப் பேசுறாங்க. ஒரே குழு, ஒரே வாத்தியம். ஒருத்தருக்கு எட்டு நிமிஷப் பாட்டில் நடுமேடை, அடுத்து வந்தவருக்கு இருட்டு மூலை. அதைத் தெரிஞ்சுக்கிட்டு 'ஒரையன்' கேட்டால், அந்த நடுப்பகுதிக்கு மதிப்பு இன்னும் கூடுது. ஆனாலும் மேலே இருக்கும் ரெண்டு ஆல்பம் இதைக் கீழே இறக்கிடுச்சு.

2. லெட் செப்பலின்: நாலாவது ஆல்பம் (1971)

இந்த ஆல்பத்துக்குப் பெயரே கிடையாது. அட்டையில் குழுவின் பெயரும் இல்லை. ஒரு வயசான ஆள், முதுகில் கம்புக் கட்டைச் சுமந்துக்கிட்டு, தடி ஊன்றிக் குனிஞ்சு நிக்கும் படம் மட்டும் இருக்கும். அட்டையை விரிச்சால் பின்பக்கம் ஓர் உயரமான அடுக்குமாடிக் கட்டடம். அந்தக் கிழவர் யாருன்னு 50 வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. 2023-ல் ஒரு வரலாற்று ஆய்வாளர் பழைய புகைப்பட ஆல்பம் ஒண்ணைப் புரட்டும்போது மூலப் படம் கிடைச்சது. அதுக்குக் கீழே, அவர் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் கூரை வேய்றவர்னு எழுதியிருந்தது. எடுத்தவர் எர்னஸ்ட் ஃபார்மர். காலம் 1892 வாக்கில். தேடிப் பார்த்ததில், படத்தில் இருப்பது மியர் ஊரின் லாட் லாங் என்பவராக இருக்கலாம்னு கணிச்சாங்க. ஆக, முதுகில் இருந்த கட்டு கூரை வேலைக்கான கம்பு. கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போன படத்தில் நின்ன தொழிலாளிக்கு, செத்து நூறு வருஷத்துக்கு அப்புறம்தான் பேர் கிடைக்குது.

இதைப் பெரும்பாலும் பதிவு செஞ்ச இடம் ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடம். 1795-ல் கதியத்த ஏழைகளையும் வயசானவங்களையும் அனாதைகளையும் அடைச்சு வைக்கக் கட்டினது. 1830-ல் தெற்கு இங்கிலாந்து முழுக்க விவசாயக் கூலிகள் கலகம் செஞ்சாங்க. கூலி கம்மி. குளிர்காலத்தில் கைக்கு இருந்த ஒரே வேலையான கதிரடிப்பையும் மெஷின் பிடுங்கிக்கிச்சு. அந்த மெஷின்களை உடைச்சாங்க, வைக்கோல் போரைக் கொளுத்தினாங்க. அந்த நவம்பரில் ஒரு கூட்டம் இந்த ஹெட்லி விடுதியையும் சூறையாடுச்சு. 140 வருஷம் கழிச்சு அதே கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வெச்சு, மேலிருந்து ரெண்டு மைக்கைத் தொங்கவிட்டு, ஜான் போனம் அடிச்ச அடிதான் 'வென் த லெவி பிரேக்ஸ்'. அந்தக் கூடத்தின் சுவரே சேர்ந்து அதிர்வது போல் இருக்கும்.

பாட்டு அவங்களுடையது இல்லை. 1929-ல் மெம்ஃபிஸ் மின்னி, கேன்சஸ் ஜோ மெக்காய் என்ற கறுப்பினத் தம்பதி பதிவு செஞ்ச ப்ளூஸ் பாட்டு. விஷயம், 1927-ல் மிசிசிப்பி ஆறு கரையை உடைச்சுக்கிட்டு வந்த வெள்ளம். ஏப்ரல் 21-ல் மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் கரை போச்சு. மொத்தத்தில் 6 லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தாங்க. கிரீன்வில் ஊரில் ஆயிரக்கணக்கான கறுப்பினக் கூலிகளைப் படகில் ஏற்றி அனுப்பாமல் கரை மேலேயே முகாமில் நிறுத்தி வேலை வாங்கினாங்க. அனுப்பிட்டால் திரும்பி வர மாட்டாங்க, பருத்திக் காட்டுக்கு ஆள் இருக்காதுன்னு தோட்ட முதலாளிகளுக்குப் பயம். வெள்ளம் வடிஞ்சதும் ஏகப்பட்ட பேர் வடக்கே நகரங்களுக்குப் போயிட்டாங்க. அந்தப் பயணம்தான் ப்ளூஸை சிகாகோவுக்குக் கொண்டுபோய் மின்சார கிடாரில் மாட்டுச்சு, அதிலிருந்துதான் ராக் வந்தது.

1971 ஆல்பத்தில் மெம்ஃபிஸ் மின்னியின் பெயரைச் சேர்த்திருக்காங்க. மெக்காயின் பெயர் இல்லை. மூலப் பதிவில் பாடியதே அவர் குரல்தான். மின்னி 1973-ல் வறுமையில் இறந்தார். கல்லறைக்குக் கல்கூட 1996-ல்தான் வந்தது. இசைக்காக மட்டும்னா இந்த ஆல்பம் முதலிடம்தான். இந்தக் கணக்கு முழுசா நேராகலை, அதனால ரெண்டாவது.

1. பிளாக் சாபத்: பிளாக் சாபத் (1970)

பர்மிங்ஹாம் நகரின் ஆஸ்டன் பகுதி. நாலு பேரும் தொழிலாளி வீட்டுப் பையன்கள். ஆஸி ஆஸ்போர்ன் மாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர், திருட்டுக்காகச் சிறையிலும் இருந்தவர். டோனி அயோமி தகரப் பட்டறையில் வெல்டர். 17 வயசில், வேலையை விட்டு முழுநேரம் கிடார் வாசிக்கப் போறதா முடிவு பண்ணின கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வந்தவர் திரும்பப் போகாமல் இருக்கப் பார்த்தார். ஆரம்பிச்ச வேலையை முடிச்சுட்டு வான்னு அம்மா அனுப்பி வெச்சாங்க. அன்னைக்கு வராத ஒருத்தருக்குப் பதிலா, பழக்கமில்லாத தகடு அழுத்தும் மெஷினில் நின்னார். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனியோடு போச்சு. அவர் இடது கைப் பழக்கக்காரர். அதாவது தந்தியை அழுத்துற கைதான் அது.

தட்டு வெட்டுற மெஷினிலும் கதிரடிக்கிற மெஷினிலும் விரல் விட்டவங்க எங்க ஊர்ப் பக்கமும் இருக்காங்க. அப்புறம் அவங்க எந்த வேலையை விட்டாங்க, எதை மட்டும் எப்படியோ செய்யப் பழகிக்கிட்டாங்கன்னு பார்த்தவன் நான். அதனால அயோமி அடுத்து செஞ்சது எனக்குத் தொட்டுப் பார்க்கிற மாதிரி புரியுது. பட்டறை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்க வெச்சார். தீ விபத்தில் ரெண்டு விரல் முடங்கியும் வாசிச்ச மேதை அவர். பிறகு அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செஞ்சார், அதன் மேல் தோல் ஒட்டினார். கனமான தந்தி வலிக்கும்னு மெலிசான தந்தி போட்டார். பின்னாடி, 1971-ல் வந்த மூணாவது ஆல்பத்தில் சுருதியையே மூணு அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, சத்தம் கனத்தது. இன்னைக்கு உலகம் முழுக்க மெட்டல் கிடாரில் கேட்கும் அந்தப் பாரத்துக்கு, காயம்பட்ட கைக்குக் கண்டுபிடிச்ச வழி ஒரு முக்கியமான காரணம்.

முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் பெரும்பாலும் ஒரே நாளில் வாசிச்சு முடிச்சாங்க. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியீடு. விமர்சகர்கள் கரிச்சுக் கொட்டினாங்க. ஜனங்க வாங்கினாங்க, பிரிட்டனில் எட்டாவது இடம் வரைக்கும் போச்சு. மழை, இடி, தூரத்து மணி, அப்புறம் மூணே சுரம். அவசரமே இல்லை. விடுதியில் இது ரொம்ப மெதுவா இருக்குன்னு நான்காவது இடம் கொடுத்திருந்தேன். மோட்டார் சத்தத்துக்கு நடுவில், தண்ணி பாத்தி நிறைய காத்திருக்கும் வேகத்தில் கேட்டால், அந்த மெதுவுதான் அதன் பலம்னு தெரியுது. இங்கே கணக்கும் நேராக இருக்கு. விரலைக் கொடுத்தவர் பேர்லயே சத்தம் வழங்குது.

2025 ஜூலை 5-ல், அதே ஆஸ்டனில் இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில் அந்த நாலு பேரும் கடைசியாக ஒண்ணா மேடை ஏறினாங்க. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி, சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். மெட்டாலிக்காவும் அன்னைக்கு அதே மேடையில் வாசிச்சாங்க. வருமானம் பார்க்கின்சன் ஆய்வுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் நோயுற்ற குழந்தைகளின் காப்பகத்துக்கும்னு அறிவிச்சிருந்தாங்க. 17 நாள் கழிச்சு ஆஸி இறந்தார். ஊர்வலம் பர்மிங்ஹாம் தெரு வழியாகப் போனப்போ, ஜனங்க ரெண்டு பக்கமும் நின்னு வழியனுப்பி வெச்சாங்க.

உங்க கிட்டயும் ஒரு பழைய வரிசை இருக்கும். இளையராஜாவோ, கர்நாடக இசையோ, எதுவானாலும் சரி. ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்து, எழுதினவர், வாசிச்சவர், பதிவு செஞ்சவர் பேரையெல்லாம் தேடிப் பார்த்துட்டு மறுபடி கேளுங்க. அடுத்த வாரம் மஞ்சள் விலையோட வர்றேன்.