மேற்றிசைப் பெருஞ்சாலை

ஒருநாள் வகுப்பில், "நம் குத்தம்பாக்கத்தை அடுத்துச் செல்லும் பெருஞ்சாலை எக்காலத்தில் உண்டாயிற்று?" என்று மாணவரை வினவினோம். ஒருவன் சற்றும் தயங்காது, "சுங்கச்சாவடி வைத்தபொழுது, ஐயா" என்றான். வகுப்பு முழுவதும் நகைத்தது, யாமும் நகைத்தோம். வீடு திரும்புங்கால், பிழை அவனுடையதன்று, அவனுக்குச் சொல்ல வேண்டிய பெரியோராகிய நம்முடையதே என்று தோன்றிற்று. அக்குறையைச் சிறிது நீக்கவே இதனை எழுதத் துணிந்தோம்.

தமிழில் 'ஆறு' என்பதற்கு நதி என்றும் வழி என்றும் இரு பொருளுண்டு. நதியைப்போலவே வழியும் ஒருவராற் செய்யப்படுவதன்று. பலர் நடக்க நடக்கத் தானே அமைவது. பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள், காஞ்சி வரதருக்குப் பூக்கொண்டு சென்று தொண்டு புரிந்தார் என்பது வைணவர் வழங்கும் வரலாறு. அவருடைய அன்பைப் பெற்ற இராமாநுசர் 1017-ஆம் ஆண்டில் அவதரித்த தலமோ திருப்பெரும்பூதூர். இவ்வூர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்குமின்: பூவிருந்தவல்லி, திருப்பெரும்பூதூர், காஞ்சி. இன்றைய சாலையின் போக்கு பெரிதும் அதுவே. நம்பிகள் மிதித்த மண் இதுதான் என்று சாதிக்க வரவில்லை. எனினும் பூக்குடலை சென்ற திசையிலேதான் இன்று லாரிகளும் செல்கின்றன.

பூக்குடலைக்குப் பின் பீரங்கி வந்தது. 1751-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள், கிளைவ் என்னும் ஆங்கிலேயன் ஏறத்தாழ 200 வெள்ளையரையும் 300 சிப்பாய்களையும் உடன்கொண்டு சென்னையினின்று புறப்பட்டு, காஞ்சி வழியாக ஆற்காட்டை அடைந்து அதன் கோட்டையைக் கைக்கொண்டான். 1763-இல் நவாபு முகம்மதலி இப்பகுதியைக் கும்பினியார்க்கு ஜாகீராக அளித்தார். 1780-இல் ஐதரலியின் படை இறங்கி, செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிக்கு அணித்தாகிய பொள்ளிலூரில் பெய்லியின் படையை முறியடித்தது. வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் நூல்களில் உள. அப்போர்களால் ஜாகீரின் ஊர்கள் பாழ்பட, ஏரும் எருதும் இழந்து அகன்ற குடிகளின் பெயர்களை எழுதுவார் எவருமிலர்.

நிற்க. கும்பினியார் இச்சாலையைச் செப்பனிட்டு 'மேற்றிசைப் பெருஞ்சாலை' என்று பொருள்படத் தம் மொழியிற் பெயரிட்டனர். ஆயினும் அச்சிறப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாளில் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் இரயில்வண்டி ஓடிற்று. இருப்புப்பாதை நம் ஊர்ப்பக்கம் வரவில்லை. வடக்கே ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகச் சென்றது. மேற்கு நோக்கிச் செல்லும் சரக்கு அப்பால் திரும்ப, நம் சாலை பழைய மாட்டுவண்டிகளுக்கே உரியதாயிற்று. இதனைத் தாழ்வென்பாரும் உளர். நமக்கோ, நெல் விளைந்த நிலம் அதனாற்றான் இன்னுமொரு நூறாண்டு நெல்லே விளைத்தது என்று படுகிறது.

மோட்டார் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. சுதந்தரத்துக்குப்பின் இது 4-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாயிற்று. 2010-இல் எண்கள் மாற்றப்பட்டபொழுது 48 என்னும் எண் பெற்றது. இன்று இது சென்னையிலிருந்து இராணிப்பேட்டை, வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என வடதமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, பெங்களூர், மும்பை வழியாக டில்லி வரை செல்வது. நான்கு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரத் திட்டத்தில் இதன் சென்னை-மும்பைப் பகுதியும் சேர்ந்து அகன்றது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியரின் மோட்டார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர்த் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் சாலையின் இருமருங்கும் நிறைந்தன. நம்மவர் பிள்ளைகள் பலர்க்கு அங்கே ஊதியம் கிடைக்கின்றது. அதனை மறுப்பது நன்றியின்மை.

ஆனால் ஒன்று கூறாதிருக்க முடியவில்லை. இச்சாலை தொடும் கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தருமபுரிப் பக்கத்தில், அதியமான் பெருவழி என்னும் பழைய வழியின் காதக்கல் ஒன்று கிடைத்துள்ளது. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று எழுத்திற் பொறித்ததோடு அமையாது, எழுத்தறியாதார் தடவியும் எண்ணியும் அறியுமாறு, இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறுகுழிகளும் அதில் தோண்டியுள்ளனர். வழிநடப்பான் ஒரு கூலியாளாகவும் இருப்பான் என்று நினைந்து வெட்டிய கல் அது. இன்றைய சாலையில் பலகைகள் பெரியன, எழுத்துகள் ஒளிவிடுகின்றன. ஆயினும் அவை விரைந்து செல்வார்க்கே உரியன. குறுக்கே கடந்து மறுபுறத்து வயலுக்கோ பள்ளிக்கோ செல்ல வேண்டிய முதியோளுக்கும் சிறுவனுக்கும் அச்சாலையில் ஒரு சொல்லும் இல்லை.

சென்ற தையில் ஓர் அன்பர் தம் பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்றை எமக்குக் காட்டினார். நாற்பால் எல்லை கூறுமிடத்தில், 'காஞ்சிபுரம் பாட்டைக்கு வடக்கு' என்று கண்டிருந்தது. எண்ணும் இல்லை, மேற்றிசை என்பதும் இல்லை. ஊரார் அந்நாளில் வழங்கிய பெயர் அதுவே. அந்நிலம் இன்று அவர்வசம் இல்லை; ஒரு சரக்குக் கிடங்கு அங்கே நிற்கின்றது.

இத்தகைய பத்திரம் வைத்திருப்போர் நம்முள் இன்னும் சிலரேனும் இருத்தல் கூடும். அன்பர்கள் எல்லைப் பகுதியை மட்டும் பார்த்தெழுதிச் சங்க நிலையத்துக்கு அனுப்பினால், சாலைக்கு வழங்கிய பெயர்களைத் தொகுத்து வெளியிடுவோம். மூலப் பத்திரத்தை அனுப்ப வேண்டா, பிரதியே போதும்.