கைப்பேசியின் பூட்டும் நம் சாவியும்

விலை கொடுத்து வாங்கியவனுக்குத் தன் பொருளின் உள்ளே பார்க்கும் உரிமை உண்டா என்பது நெடுநாளைய வழக்கு. தோட்டத்து லயங்களில் வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பழுது பார்த்த நம் முன்னோர் இக்கேள்வியைக் கேட்டதில்லை. திருப்புளியே அவர்களுக்கு விடையாயிருந்தது. திறன்பேசி வந்த பின்னரே வழக்கு முற்றியது. அதன் சரித்திரத்தைச் சிறிது ஆராய்வோம்.

2007-ஆம் ஆண்டில் ஓப்பன்மோக்கோ குழுவினர் ‘நியோ 1973’ என்னும் கைப்பேசியை வெளியிட்டனர். மார்ட்டின் கூப்பர் கையடக்கத் தொலைபேசியில் முதன்முதல் பேசிக் காட்டிய ஆண்டே அதன் பெயரில் நின்றது. அதன் மென்பொருளை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆயினும் அது பொதுஜனங்களின் கைக்கு எட்டவில்லை.

மறு ஆண்டு அக்டோபரில், ஆண்ட்ராய்டில் இயங்கிய முதற் கைப்பேசியாகிய எச்.டி.சி. டிரீம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு விநோதம்: விசைப்பலகையில் எழுதியவை யாவும், ‘ரூட்’ எனப்படும் மூல அதிகாரத்தோடு கட்டளையாகவும் உள்ளே ஏற்கப்பட்டன. ‘ரீபூட்’ என்று நண்பனுக்கு எழுதினால் கைப்பேசி அணைந்து மீண்டும் எழுந்தது! கூகிள் விரைவில் அவ்வழியை அடைத்தது. ஆனால் பூட்டு திறக்கக்கூடியதே என்பதை அதற்குள் பலர் கண்டுகொண்டனர்.

நிற்க. இதனால் தமிழருக்கு ஆய பயன் யாது?

லோ யாட் பிளாசாவில் பழைய கைப்பேசி வாங்கி வந்து, அம்பாங்கில் இரவெல்லாம் அதனோடு மல்லுக்கு நின்ற இளைஞர்களில் நாமும் இருந்தோம். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெறுங்கட்டங்களே வரிசையாய் நிற்கும். ஓப்பெரா மினியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றினால் எழுத்துகள் படமாக வந்து சேரும் என்ற யுக்தி வாய்மொழியாய்ப் பரவியது. மூல அதிகாரம் பெற்றபின் தமிழ் எழுத்துருவை நாமே உள்ளே வைத்தோம். கட்டங்கள் மறைந்தன, ஆனால் கொம்பு முன்னே வாராமல் எழுத்துக்குப் பின்னே நின்றது. ‘பெயர்’ என்பது ‘பயெர்’ ஆயிற்று! நகைத்தோம், அக்கோணல் தமிழையும் நண்பர்க்கெல்லாம் காட்டி மகிழ்ந்தோம். எழுத்துரு மட்டும் போதாது, எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் நிரலும் வேண்டும் என்பதை எந்தப் பள்ளியும் நமக்குச் சொல்லவில்லை. அந்தக் கொம்புதான் சொல்லிற்று.

இதற்கு முன்னரே, 1985 முதல் ‘முரசு அஞ்சல்’ வழியே கணினியில் தமிழை வளர்த்துவந்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன், கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுதும் ‘செல்லின’த்தை உருவாக்கினார், அது 2005 தைப்பொங்கலில் சிங்கப்பூரில் வெளியாயிற்று. வெளியார் எழுதிய நிரலை ஏற்கும் வாசல் அக்காலக் கருவிகளில் இருந்ததாலன்றோ அது உள்ளே புக முடிந்தது? வாசல் அடைபட்டிருப்பின், தயாரிப்பாளரின் தயவுக்காகத் தமிழ் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

பூட்டு வேண்டாம் என்பது நம் அபிப்பிராயமன்று. அது கள்வரையும் தடுக்கிறது. வங்கிச் செயலிகள் பல, திறக்கப்பட்ட கைப்பேசியில் இயங்க மறுப்பதும் அதனாலேயே. நம் வீட்டுக் கதவுக்கும் பூட்டு உண்டு. ஆனால் சாவி நம்மிடம் இருக்கிறது. அவ்வளவே நாம் கேட்பது.

தோழர்களே! இன்று விற்பனையாகும் திறன்பேசிகளில் தமிழ் தானே தெரிகிறது. ஆதலால் உள்ளே பார்க்கும் ஆவல் நம் பிள்ளைகளிடம் குன்றிவிடலாகாது. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு சிறுவன் பழைய கைப்பேசியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதட்டாதீர்கள். அருகில் அமர்ந்து, என்ன கண்டாய் என்று கேளுங்கள்.