ஏடும் அச்சும்: ஒல்லாந்தர் காலக் கத்தோலிக்கரின் கூட்டுவாழ்வு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் அச்சு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1737ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டிலேதான் கொழும்பில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அச்சகத்திலிருந்து சிங்கள மொழியிலான மன்றாட்டு நூலொன்று வெளிவந்தது. இது ஒரு முக்கியமான தொடக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே காலப்பகுதியில், அதே ஆட்சியின் கீழ், அச்சு வசதியும் வெளிப்படையாக ஒன்றுகூடும் உரிமையும் மறுக்கப்பட்ட கிறிஸ்தவ சமூகமொன்று பனையோலையையும் எழுத்தாணியையும் கொண்டு தன்னை நிலைநிறுத்திக்கொண்டது. கருவியின் புதுமைக்கும் அது வளர்க்கும் உறவின் உறுதிக்கும் இடையிலான தொடர்பை விளங்கிக்கொள்ள இவ்வரலாறு நமக்குப் பெரிதும் உதவும்.

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறின. கத்தோலிக்க ஆலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டிடங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. கத்தோலிக்கக் குருவானவருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என அவ்வாண்டே கட்டளை பிறந்தது. 1715இல் வெளியான கட்டளை பொதுக் கூட்டங்களை மட்டுமன்றி வீடுகளில் கூடுவதையும் தடுத்தது. குருவின்றி, ஆலயமின்றி, கூட்டமின்றி ஒரு திருச்சபை எவ்வாறு வாழும் என்பதே அன்று எழுந்த கேள்வியாகும்.

இக்கேள்விக்கான விடையின் முதற்பகுதி அமைப்பு சார்ந்தது. கோவையைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் இலங்கையை வந்தடைந்தார். யாழ்ப்பாணப் பகுதியில் சில்லாலையை நிலைக்களமாகக் கொண்டு இரவுவேளைகளில் இரகசியமாகப் பணியாற்றினார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி யாழ்ப்பாணத்தில் கூடியிருந்த கத்தோலிக்கர் பலர் ஒல்லாந்த அதிகாரிகளாற் கைதுசெய்யப்பட்டனர். அடிகளார் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்தை அடைந்தார். 1696வரை அவருக்குத் துணைக்குருக்கள் எவரும் வாய்க்கவில்லை. தனியொருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் எல்லாக் கிராமங்களுக்கும் செல்லுதல் அரிது. எனவே மக்களின் அன்றாடச் சமயவாழ்வு மூப்பர், அண்ணாவி ஆகிய பொதுநிலையினரின் பொறுப்பில் விடப்பட்டது. செபங்களை முன்னின்று சொல்லுதல், சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பித்தல், அவசர வேளைகளில் ஞானஸ்நானம் வழங்குதல் முதலியன அவர்களுடைய பணிகளாயின. கூத்துப் பழக்கும் ஆசானையும் அண்ணாவி என்றே நாம் வழங்குகிறோம். வாய்மொழியாகக் கற்பித்துக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் மரபார்ந்த கிராமிய ஆசிரியனின் பாத்திரமே இங்கும் பயன்பட்டதை இப்பெயரொற்றுமை உணர்த்துகின்றது.

விடையின் இரண்டாம் பகுதி தொழில்நுட்பம் சார்ந்தது. 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் போலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பெருந்தொகையான நூல்களை யாத்தார். எழுத்தர்களைக் கொண்டு அவற்றை ஓலையிற் படியெடுப்பித்துச் சபைகளுக்கு அனுப்பினார். குருவானவர் செல்லவியலாத இடங்களுக்கு அவருடைய பிரசங்கம் சென்றது. ஓலை உள்ளூரிற் கிடைப்பது. எழுத்தாணியைக் கொல்லன் வடித்துத் தருவான். பொறித்த எழுத்தில் கரி தடவினால் அது தெளிவுபெறும். இவற்றுள் எதற்கும் கம்பனியின் அனுமதி வேண்டியதில்லை. மேலும், வைத்தியமும் சோதிடமும் கணக்கும் ஏடுகளிலேயே எழுதப்பட்ட காலத்தில், வீட்டின் ஒரு மூலையிற் கிடக்கும் ஏட்டுக்கட்டு எவருடைய ஐயத்தையும் எளிதில் தூண்டியிராது எனக் கருத இடமுண்டு.

ஏட்டின் ஆற்றலை அது வாசிக்கப்பட்ட முறையோடு இணைத்தே நோக்குதல் வேண்டும். எழுத்தறிந்த ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் கேட்பதே அன்றைய வழக்கம். கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படும் மரபு இன்றும் நம்மிடையே உண்டு. வெவ்வேறு கிராமங்களிற் சிதறியிருந்தோர் ஒரே காலத்தில், ஒரே சொற்களைக் கேட்டனர். இடத்தால் கூடமுடியாதவர்கள் காலத்தாலும் சொல்லாலும் கூடினர். அதுமட்டுமன்று, பாடத்தைப் படியெடுத்தவரும் வாசித்தவரும் திருச்சபையின் கூட்டுவாழ்வில் உழைப்பாற் பங்குகொண்டனர். சாதனம் மக்களின் கையில் இருந்தமையால் குரலும் அவர்களுடையதாயிற்று.

இதனோடு ஒப்பிடுகையில் கம்பனியின் அச்சகம் தொழில்நுட்பத்தில் மிக முன்னேறியது. அதன் தமிழ்ப் பணியும் புறக்கணிக்கத்தக்கதன்று. பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் அங்கு வெளியானமை தமிழ் உரைநடை வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. ஆயினும் அவ்வச்சகம் சார்ந்திருந்த சமய ஒழுங்கு ஆட்சியின் ஒழுங்காகவே இருந்தது. திருமணப் பதிவும் அரச உத்தியோகமும் ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி வீழ்ந்தபோது அப்பிணைப்பும் அறுந்தது. 1806இல் யாழ்ப்பாணம் வந்த கிளாடியஸ் புக்கானன் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர், புரட்டஸ்தாந்து சமயம் அங்கு ஏறத்தாழ மறைந்துவிட்டதையும் கோவைக் குருமாரின் செல்வாக்கு ஓங்கியிருந்ததையும் வருத்தத்தோடு பதிவுசெய்தார். கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் நீக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

இவ்வேறுபாட்டுக்கு ஏடே காரணம் எனக் கூறுதல் மிகையாகும். கண்டி மன்னர்கள் அளித்த பாதுகாப்பின்றி ஏடுகளை எழுதுவித்த குருமார் நிலைத்திருத்தல் கடினம். அப்பாதுகாப்பிலும் ஒல்லாந்தருக்கு எதிரான அரசியல் நலன் இருந்தது. எழுத்தறிவு ஒரு சிலருக்கே உரியதாயிருந்த சாதியச் சமூகத்தில், வாசிப்போர் யார், கேட்போர் யார் என்ற பிரிவினையும் தவிர்க்கமுடியாதது. மூப்பர் பதவி கிராமத்தின் அதிகாரப் படிநிலையை மீறி நின்றது எனக் கொள்வதற்கில்லை. எனினும், ஆட்சி வழங்கிய சாதனம் ஆட்சியோடு தளர்ந்தமையும் மக்கள் தாமே இயக்கிய சாதனம் தடையையும் கடந்து நின்றமையும் தெளிவு.

நம் காலத்தும் இக்கேள்வி மீண்டும் எழுந்தது. 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களையடுத்துப் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. அடுத்த ஞாயிறன்று கொழும்புப் பேராயர் நிறைவேற்றிய திருப்பலி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 2020இல் கொரோனாத் தொற்றினால் ஆலயங்கள் மீண்டும் மூடப்பட்டு, உயிர்த்த ஞாயிறு வழிபாடு தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் உரியதாயிற்று. துயருற்றோருக்கும் தனித்திருந்தோருக்கும் அவை அளித்த ஆறுதல் சிறிதன்று. ஆனால் திரையின் முன் அமர்ந்தவர் பெரும்பாலும் பார்வையாளராகவே இருந்தார். ஏட்டின் முன் அமர்ந்த கூட்டத்திலோ ஒருவர் வாசித்தார், மற்றவர் மறுமொழி சொன்னார், வேறொருவர் அடுத்த ஊருக்காகப் படியெடுத்தார். ஒரு சாதனம் எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பதோடு, எத்தனை பேரைப் பங்காளராக்குகிறது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். இரண்டாவது கேள்விக்கு, ஒல்லாந்தர் காலத்துப் பனையோலை அளித்த விடையை இன்றைய சாதனங்கள் இன்னும் முழுமையாக அளிக்கவில்லை என்பதே நமது துணிபாகும்.