படியா, வீசையா? - விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கு அலகுகளின் கதை

விமானி ஆக ஆசைப்படுபவர்கள் முதலில் படிக்க வேண்டியது இறக்கையைப் பற்றி அல்ல, அலகுகளைப் பற்றி! ஏன் என்று பார்ப்போம்.

நம் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது 1956-ல். இந்தியாவை மெட்ரிக் முறைக்கு மாற்றிய எடைகள், அளவுகள் தரச்சட்டமும் அதே 1956-ல்தான் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசாவும், 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோவும் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் அரிசியைப் படியால் அளந்தார்கள், புளியை வீசையால் நிறுத்தார்கள். படி என்பது கொள்ளளவு, வீசை என்பது எடை. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

தரை மெட்ரிக்குக்கு மாறினாலும் வானம் முழுதாக மாறவில்லை. பெரும்பாலான நாடுகளில் உயரம் அடியில் (1 அடி = 0.3048 மீட்டர்), வேகம் நாட்டில் (மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ.) சொல்லப்படுகிறது. உயரமானி உண்மையில் அளப்பது காற்றழுத்தத்தை. கடல் மட்டத்தில் அதன் திட்ட அளவு 1013.25 ஹெக்டோபாஸ்கல்.

இரண்டு முறைகளும் கலந்தால் என்ன ஆகும்? கனடாவும் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம். 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767. எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. தேவை 22,300 கிலோ. தொட்டியில் இருந்ததோ 7,682 லிட்டர். ஒரு லிட்டர் சுமார் 0.8 கிலோ என்று பெருக்கியிருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் 1.77 என்று பெருக்கினார்கள். அது ஒரு லிட்டரின் பவுண்டு கணக்கு! விளைவு, தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் விமானம் கிளம்பிவிட்டது. 41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு எஞ்சின்களும் நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சனுக்குக் கிளைடர் ஓட்டிய அனுபவம் இருந்ததால், கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள்.

எரிபொருளைப் படிபோல லிட்டரில் ஊற்றுகிறார்கள். விமானத்துக்கு வேண்டியதோ வீசைபோலக் கிலோ கணக்கு. இரண்டையும் இணைப்பது அடர்த்தி: நிறையைக் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது. பத்தாம் வகுப்புக்கு முன்பே படித்ததுதான்!

ஆகவே பரீட்சையில் விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாவிட்டால் ஆசிரியர் அரை மதிப்பெண் குறைத்தாலும் கோபப்படாதீர்கள். வானத்தில் அரை மதிப்பெண்ணோடு விடமாட்டார்கள்.