தனக்கான மின்சாரத்தைத் தானே தயாரிக்கும் உணரிகள்: செயல்படுவது எப்படி?

மும்பை: மாநகரின் குடிநீரில் பெரும்பகுதி பாண்டுப் நீர் சுத்திகரிப்பு வளாகத்தைக் கடந்தே வீடுகளைச் சென்றடைகிறது. 2021 ஜூலை 17 நள்ளிரவு தொடங்கிப் பெய்த கனமழையில் இவ்வளாகத்துக்குள் வெள்ளம் புகுந்து மின்சாதனங்கள் பாதிக்கப்பட்டன. இதனால் பல பகுதிகளில் குடிநீர் விநியோகம் தடைபட்டது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு மாநகராட்சி அறிவுறுத்தியது.

இத்தகைய நிலையங்களில் மோட்டாரின் வெப்பம், அதிர்வு, நீர்மட்டம் ஆகியவற்றைக் கண்காணிக்க உணரிகள் தேவை. எல்லா இடங்களுக்கும் மின்கம்பி கொண்டு செல்ல இயலாது. பேட்டரி பொருத்தினால், அது தீரும்போதெல்லாம் நிலத்தடிக் குழிகளிலும் இயந்திர இடுக்குகளிலும் ஊழியர்கள் இறங்கி மாற்ற வேண்டும். இதற்கு மாற்றாகவே, சுற்றுப்புறத்திலிருந்து மின்சாரம் பெறும் உணரிகள் உருவாக்கப்படுகின்றன.

இதன் அடிப்படைகள் பழமையானவை. இரு வேறு உலோகங்களின் இணைப்புகளிடையே வெப்ப வேறுபாடு இருந்தால் மின்னழுத்தம் உண்டாகும் என்பதற்கு வழிவகுத்த விளைவை சீபெக் 1821-இல் கண்டறிந்தார். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதை ஜாக், பியர் கியூரி சகோதரர்கள் 1880-இல் நிறுவினர். சைக்கிள் டைனமோவைப் போல, மாறும் காந்தப்புலத்திலிருந்தும் மின்சாரம் பெறலாம்.

கடைசி முறையைப் பயன்படுத்தி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கிய பேட்டரி இல்லா வெப்பநிலை உணரி குறித்த விவரங்கள் 2024 ஜனவரியில் வெளியாயின. மின்கம்பியை வெட்டாமல் அதைச் சுற்றிப் பொருத்தினாலே போதும். மாறுதிசை மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்து ஆற்றலைப் பெற்று, மின்தேக்கிகளில் சேமித்து, அளவீடுகளைக் கம்பியில்லா முறையில் அனுப்புகிறது.

கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு என்பதால் இவ்வகை உணரிகள் இடைவிடாது இயங்குவதில்லை. போதிய ஆற்றல் சேர்ந்ததும் விழித்து, அளந்து, தகவல் அனுப்பிவிட்டு மீண்டும் உறக்க நிலைக்குச் செல்கின்றன. மோட்டாரின் வெப்பநிலை போன்று மெதுவாக மாறும் அளவுகளுக்கு இது போதுமானது.

எனினும், வெள்ளத்தால் மோட்டார் நின்றுவிட்டால் காந்தப்புலமும் அதிர்வும் மறைந்துவிடும். அப்போது உணரி, சேமிப்பில் உள்ள ஆற்றல் தீரும்வரை மட்டுமே பேசும். எனவே, வழக்கமான கண்காணிப்புக்கு இவ்வகை உணரிகள் பொருத்தமானவை என்றாலும், வெள்ள எச்சரிக்கைக் கருவிகளுக்குத் தனி மின் ஆதாரம் இன்றியமையாதது. உணரியிடமிருந்து தகவல் வராததையும் ஓர் எச்சரிக்கையாகக் கருதும் வகையில் கட்டுப்பாட்டு அறை அமைந்திருக்க வேண்டும்.