கிண்ணத்துக் கசப்பு

கினிகத்தேனையிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் நாம் இன்று தேயிலையையே காண்கிறோம். ஆயின் கோப்பி வீழ்ந்து தேயிலை வேரூன்றிய இடைக்காலத்தில் இம்மலைநாடு சிங்கோனாவையும் கண்டது. அதன் பட்டையிலுள்ள கொயினாவே, துரைமார் ஜின்னுடன் கலந்து பருகிய டொனிக் நீரின் கசப்பு. ஐரோப்பிய மூலிகை மதுக்கள் சிலவற்றிலும் அப்பட்டை சேர்கிறது.

1861இல் சிங்கோனாவுக்கென ஹக்கலையில் அரசாங்கத் தோட்டம் அமைந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைச் சாய்க்கவே, தோட்டத்துரைமார் சிங்கோனாவை நாடினர். 1880களில் பட்டை சந்தையிற் குவிந்து விலை வீழ்ந்தது, தேயிலை வென்றது.

பயிர்கள் மூன்று, உழைத்தவர் ஒருவரே: தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை வழங்கியது.

வீட்டில் ஜின்னையும் மூலிகை மதுவையும் பனிக்கட்டியிட்டுக் கலக்குவோர்க்கு அக்கசப்பு வெறுஞ் சுவை. பட்டை உரித்த கைகளை நினைக்கும் நமக்கோ அது வரலாறு.